பச்சைத் துரு

"உனக்கு உட்கார்ற இடத்துல முள்ளு இருக்காடா?" என்று அம்மா கேட்காத நாள் கிடையாது. சோறு போட்டால் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவேன். பஸ்ஸுக்கு நிற்கச் சொன்னால் அடுத்த நிறுத்தம்வரை நடந்துவிடலாம் என்று கிளம்புவேன். நடுவழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும். பினாங்கு பீச் ஸ்திரீட்டில் நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் என் நாற்காலிக்கு மட்டும் ஒரு கால் ஆட்டம். ஆட்டி ஆட்டியே நான் அதை அப்படி ஆக்கிவிட்டேன் என்பார்கள். இப்படிப்பட்டவன் குனிந்து உட்கார்ந்து குட்டிப் பிளாஸ்டிக் விமானங்களைத் துண்டு துண்டாக ஒட்டினான் என்றால் இன்றைக்கும் என் பிள்ளைகள் நம்புவதில்லை. ஒட்டினேன். ஓர் இறக்கையை ஒட்டிவிட்டு வீட்டை ஒரு சுற்று, வாலை ஒட்டிவிட்டுத் தெருமுனைவரை ஒரு நடை. பசை காயும் முன்பே தொட்டுப் பார்த்து, கைரேகை விழுந்து, என்னை நானே திட்டிக்கொண்டு, தேய்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன்.

விமான ஆசைக்குக் காரணம் அக்கரைதான். பட்டர்வொர்த் பக்கத்து விமானத் தளத்திலிருந்து கிளம்பும் போர் விமானங்கள் கடலைத் தாண்டி வந்து, எங்கள் தகரக் கூரையை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுத் திரும்பும். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு விமானப் படைக்கு மனுப் போட்டேன். எழுத்துப் பரீட்சையில் தேறினேன், ஓட்டத்தில் தேறினேன். கடைசியில் ஒரு டாக்டர், வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைத் திறந்து, நடுவில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. அடுத்த பக்கமும் புள்ளிகள். அச்சுக் கோளாறோ என்று நினைத்து, "எண் எங்கே?" என்று அவரையே திருப்பிக் கேட்டேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டார். எனக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அழவில்லை. எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள்.

"வெளியில மூச்சு விடாதே. உனக்குக் கீழ ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு" என்றாள்.

அப்பா காலமாகி அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. தங்கச்சி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கண் கோளாறு உள்ள குடும்பம் என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் அவளை யார் கேட்டு வருவார்கள் என்பது அம்மாவின் பயம். பினாங்கில் இருந்த எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒரு வீட்டில் தும்மினால் இன்னொரு வீட்டில் கஷாயம் வைப்பார்கள். ஆகவே, எனக்கு உயரம் போதவில்லை என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. வாசல் நிலையில் தலை இடிக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாத என்னைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். "எல்லாம் உங்கப்பா வீட்டுக் கண்ணு" என்று அம்மா என்னிடம் மட்டும் பல வருடம் பல்லைக் கடித்தாள். பின்னாளில் ஒரு டாக்டர் இது தாய் வழியாக வருவது என்று சொன்னபோது, அந்த டாக்டருக்குப் படிப்பு போதாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பறக்க முடியாதவன் ஒட்ட ஆரம்பித்தேன். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் புத்தகப் பையும் பந்தும் விற்கும் ஒரு சீனர் கடை இருந்தது. அங்கே மேல் தட்டில் யாரும் தொடாத பழைய விமானப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். "லாமா பூஞா" என்பார் கடை முதலாளியான தவுக்கே, பழைய சரக்கு என்று அர்த்தம். எனக்கு வேண்டியதும் அதுதான். புதுப் பெட்டிகளில் இருந்த ஜெட் விமானங்களைப் பார்த்தால் வயிறு எரியும். அவற்றில்தான் நான் ஏறியிருக்க வேண்டும். பழைய விமானங்களிடம் எனக்குப் பொறாமை இல்லை.

பழைய பெட்டி என்றால் பழைய தொல்லைகளும் கூடவே வரும். இறக்கை வளைந்திருக்கும், வெந்நீரில் முக்கி நிமிர்த்த வேண்டும். விமானத்தின் மேல் ஒட்டுகிற எண்களும் வட்டங்களும் அச்சடித்த தாள் மஞ்சள் ஏறிக் கிடக்கும். அதை ஜன்னல் கண்ணாடியில் வெயில் பக்கமாக ஒட்டி வைத்தால் சில வாரங்களில் வெளுத்துவிடும். மஞ்சளும் நீலமும் எனக்கு ஒழுங்காகவே தெரியும்; தகராறு பச்சை சிவப்போடு மட்டும்தான். அந்தச் சில வாரங்கள்தான் எனக்கு நரகம். காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்து ஒரு தடவை, சாப்பிட்டு ஒரு தடவை என்று போய்ப் பார்ப்பேன். "பாலைக் காய வச்சவ மாதிரி நிக்கிறான்" என்று தங்கச்சி சிரிப்பாள்.

ஆனால் ஒட்டுவதோ சாயம் பூசுவதோ இந்த வேலையின் உச்சம் அல்ல. பூசி முடித்த விமானத்தைப் பழசாக்க வேண்டும். வெயில் குடித்த முதுகு வெளுக்க வேண்டும், மெக்கானிக்குகள் கால் வைக்கும் இடத்தில் சாயம் உரிந்து வெள்ளி தெரிய வேண்டும், எஞ்சினிலிருந்து எண்ணெய் வழிந்த கோடு வால்வரை ஓட வேண்டும். அப்போதுதான் அது பொம்மை என்ற பேர் நீங்கி விமானம் ஆகும். அம்மாவுக்கு இது கடைசிவரை புரியவில்லை. "புதுசா வாங்கி, புதுசா சாயம் அடிச்சு, பிறகு உட்கார்ந்து அழுக்காக்குறான். இவன் கழுவுற பாத்திரத்தை நான் பார்த்ததில்லை" என்று பக்கத்து வீட்டில் சொல்வாள்.

இந்த அழுக்கில்தான் எனக்கு ராஜாங்கம். கறுப்பு, வெள்ளை, சாம்பல், வெள்ளி; வெளிச்சமும் நிழலும் மற்றவர்களைவிட எனக்குக் கூடுதலாகவே தெரியும் என்று நினைக்கிறேன். சாயங்களைப் பொறுத்தவரை கண்ணை நம்பாமல் பெயரை நம்பினேன். ஒவ்வொரு டப்பாவிலும் போத்தலிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். இன்னொரு தந்திரமும் செய்தேன். செம்மண் வேண்டுமா, தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறும் பாதையோரத்துச் செம்மண்ணையே அள்ளி வந்து சலித்து வைத்துக்கொண்டேன். துரு வேண்டுமா, எங்கள் வீட்டு இரும்புக் கதவைச் சுரண்டி, அரைத்து, ஊறுகாய்ப் போத்தலில் போட்டு "துரு" என்று எழுதிவிட்டேன். உண்மையான துருவைத் துரு இல்லை என்று எவனால் சொல்ல முடியும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பட்டர்வொர்த் குடும்பம். அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கையை எனக்கும், என் தங்கச்சியை அந்த அண்ணனுக்கும் என்று பேச்சு. மாற்றுச் சம்பந்தம் என்பார்கள் எங்களில். இதில் சௌகரியமும் உண்டு, கத்தியும் உண்டு. ஒன்று நடந்தால் இரண்டும் நடக்கும். ஒன்று முறிந்தால் இரண்டும் முறியும். தங்கச்சி அந்த வாத்தியாரை ஒரு கோயில் திருவிழாவில் ஏற்கெனவே பார்த்திருந்தாள். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அறையை விட்டு எழுந்து போவாள், ஆனால் காது கேட்கும் தூரத்தைத் தாண்டமாட்டாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. என் கண்ணால் அது கெட்டுப்போகக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. எனக்குப் பேசியிருந்த பெண் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். கடுகு மாதிரியான சாமான்களில் போட்டிருக்கும் நிற வளையங்களைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்வதுதான் அவளுடைய வேலை. இதைக் கேட்டதும் எழுந்து தெருமுனைவரை ஒரு நடை போய்வந்தேன். உலகத்தில் வேறு பெண்ணா கிடைக்கவில்லை!

"அவ என்ன உன் கண்ணுக்குள்ளயா பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்கப் போறா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம். நாம ஒண்ணுதான் சொல்றோம்" என்றாள் அம்மா.

சனிக்கிழமை மாலை அவர்கள் ஃபெர்ரி ஏறி வருவதாக ஏற்பாடு. அண்ணன் பெண் பார்க்க வருகிறார், தங்கை துணைக்கு வருகிறாள் என்று பேச்சு. அவள் என்னைப் பார்க்கத்தான் வருகிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். அம்மா ஒரு வாரம் வீட்டைத் தலைகீழாக்கிக் கழுவினாள். ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரியில் என் விமானங்களில் ஒன்றை வைக்கச் சொன்னாள். "வந்தவங்க கேட்டா மாப்பிள்ளை கைவேலைன்னு சொல்லலாம். வடிவா ஒண்ணு எடுத்து வை" என்றாள். யாழ்ப்பாணத்தை அவள் பார்த்ததே இல்லை. அவள் பேச்சில் அந்த ஊர் மிச்சம் வைத்தது இந்த "வடிவு" ஒன்றுதான்.

அப்போது என் கையில் ஒரு டகோட்டா இருந்தது. இரண்டு எஞ்சின் வைத்த பழைய சரக்கு விமானம். எல்லாம் முடிந்து, எஞ்சின் புகைக்குழாய்களுக்குத் துரு வைப்பது மட்டும் பாக்கி. அலுமினியத்தில் துரு பிடிக்காது. தெரியாதவர்கள்தான் விமானம் முழுக்கத் துருவைப் பூசுவார்கள். ஆனால் புகைக்குழாய் இரும்பு. நெருப்பும் மழையும் பட்டு அது பழுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் அந்த வேலையில் இறங்கினேன்.

பின்கட்டுத் தட்டில் பார்த்தால் போத்தல்கள் எல்லாம் பளபளவென்று நின்றன. அம்மா அவற்றையும் கழுவியிருந்தாள். நான் ஒட்டிய பெயர்த் தாள்கள் ஒன்றுகூட இல்லை.

"அழுக்குப் போத்தலை வச்சுக்கிட்டு வர்றவங்களுக்குக் காட்டுவியா? மூடியைத் திறக்கலடா, வெளியிலதான் கழுவினேன்" என்றாள்.

கத்தினேன். கத்தி என்ன பயன்? ஊறுகாய்ப் போத்தலைத் தேடி எடுத்தேன். உள்ளே பார்த்தால் என் துரு. அதே நிறம், அதே அளவு. வழக்கத்தைவிட நைசாக இருந்தது. நம் கை அரைப்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். தின்னர் நெடியில் மூக்கு செத்துப்போயிருந்ததால் வாசனை ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரில் குழைத்து, தூரிகையால் வைத்து, விரல் நுனியால் ஒற்றி ஒற்றிப் பரப்பினேன். புகைக்குழாயிலிருந்து இறக்கைக்கு அடியில் துரு வழிந்து போன மாதிரி இழுத்துவிட்டேன். அவ்வளவு நன்றாக எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

மறுநாள் காலையில் விரல் நுனிகளில் கறை இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. சாயக் கறை எனக்குப் புதிதல்ல, விட்டுவிட்டேன். அம்மா வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள், தங்கச்சி சேலையும் கையுமாக அறைக்குள் இருந்தாள். என் விரலை யாரும் பார்க்கவில்லை.

மாலையில் வந்தார்கள். அவள் அப்பா நல்ல மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். அண்ணன் பொருத்தமான சட்டையும் பேண்டுமாக வந்து தலை குனிந்து உட்கார்ந்தார். அவள் அவர் பக்கத்தில். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அம்மாவின் கண் என்னை ஆணி அடித்து உட்கார வைத்தது.

பேச்சு ஓடட்டும் என்று அம்மா அவள் அப்பாவிடம் கேட்டாள். "மகனை ரயில்வேயிலயே போட்டிருக்கலாமே, உங்களுக்கு ஆள் தெரியுமே?"

"இவனுக்குக் கணக்குல மூளை ஜாஸ்தி. அதான் வாத்தியாராப் போயிட்டான்" என்றார் அவர். சொல்லிவிட்டு வடையைப் பிட்டார்.

பிறகு அவர் கண் அலமாரிக்குப் போனது. கைவேலை என்று அம்மா ஆரம்பித்தாள். நான் விமானத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொடுத்த என் விரல்களை அவள் பார்த்தாள். விமானத்தைப் பார்த்தாள். மறுபடி விரல்களைப் பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி. அப்படியே நிஜம் மாதிரியே இருக்கு. ஆனா இந்தத் துரு ஏன் பச்சையா இருக்கு?"

என் காதுக்குள் ஜெட் விமானம் போனது. பச்சையா? அம்மா கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. அப்போது அவள் பேசினாள். அந்த வீட்டுக்குள் வந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அது செம்புப்பா. செப்புக் குழாய். கடல் காத்து பட்டா செம்பு பச்சையாத்தான் போகும்."

"ஓ, செம்பா" என்றார் அவர். விமானத்தைத் திருப்பிக் கொடுத்தார். பேச்சு வேறு பக்கம் போனது. நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டகோட்டாவில் செப்புக் குழாய் கிடையாது. அது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் எனக்கு நிறம் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதை மூடி மறைத்தும்விட்டாள். ஏன் மறைத்தாள்? பெரியவர்கள் முன்னால் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்வாளோ?

அவர்கள் போனதும் தங்கச்சி அலமாரியைத் திறந்து விமானத்தை மோந்து பார்த்தாள்.

"அண்ணே, இது என் மருதாணிப் பொடி!"

அவள் கைக்கு வைத்தது போக மிச்சப் பொடியை ஊறுகாய்ப் போத்தலில் போட்டு அதே தட்டில் வைத்திருந்தாள். அவளும் போத்தலுக்குப் பெயர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லையே. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பத்து விரலிலும் மருதாணி பழுத்திருந்ததாம். "பெண் பார்க்க வந்தா பொண்ணு மருதாணி வச்சிருப்பா. இங்க மாப்பிள்ளை வச்சிட்டு நிக்கிறாரு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கொஞ்ச நேரத்தில் அழுதாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தப் பிள்ளை கண்டுட்டாள்" என்று மட்டும் சொன்னாள்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் போனது, இன்னொன்று போனது. கோயிலில் என் அம்மாவைப் பார்த்தால் அவளுடைய அம்மா சிரிக்கிறாராம், நலம் விசாரிக்கிறாராம், சம்பந்தப் பேச்சை எடுத்தால் பூசைக்கு நேரமாகிவிட்டது என்கிறாராம். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தங்கச்சி என் முன்னால் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் நடமாடினாள். அதைப் பார்க்கிறபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். விமானத்தை எடுத்துத் துடைத்துவிட்டு வேறு துரு வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கையில் எடுத்ததும் எது பச்சை எது துரு என்ற சந்தேகம் வந்து, அப்படியே வைத்துவிட்டேன். பெட்டியில் இருந்த அடுத்த விமானத்தைப் பிரிக்கவும் மனம் வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் படகுத்துறைக்குப் போய், ஃபெர்ரி ஏறி, அக்கரை போய், அடுத்த ஃபெர்ரியில் திரும்புவேன். மேல்தளத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடை. அங்கே இறங்கி அவர்கள் வீட்டைத் தேடிப் போகக் கால் துடிக்கும், போகமாட்டேன். ஒரு சாயங்காலம் துறையில் ஃபேக்டரி பஸ் வந்து நின்றது. சீருடைப் பெண்கள் கூட்டமாக இறங்கினார்கள். அதில் அவள். நான் தூண் மறைவுக்குப் போகுமுன் என்னைப் பார்த்துவிட்டாள். கையைத் தூக்கி, விரல் நுனிகளைச் சேர்த்துக் காட்டிவிட்டு, கூட்டத்தோடு போய்விட்டாள். உன் விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டாளா? கேலி செய்தாளா? அதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் தூக்கம் கெட்டது.

இனி என்னால் தாங்காது என்று ஆனபோது அம்மாவிடம் சொன்னேன், நானே போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று அம்மா எழுந்தாள். "அவளே செம்புன்னு சொல்லி மூடிட்டா. நீ போய்த் திறக்கப் போறியா? உன் வாழ்க்கை மட்டும்னா போடா போன்னு விட்டுடுவேன். இவ வாழ்க்கையும் அதுல தொங்குது."

அது உண்மைதான். ஆகவே தங்கச்சியைக் கேட்டேன். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"சொல்லுண்ணே. மறைச்சுக் கட்டினா, நாளைக்கு அந்த வீட்டுல நின்னு பதில் சொல்லப்போறது நான்தான். கண்ணு தெரியலைன்னு வேணாம்னு சொல்ற வீடா இருந்தா, எனக்கும் வேணாம் லா."

கீரைக் காம்பையும் இலையோடு சேர்த்துப் போட்டாள். அவளுக்கு வேணும் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடம் அவளை விடப் பெரிய மனுஷி எனக்கு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விமானத்தை ஒரு ஜோடிச் சப்பாத்து வந்த அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து எடுத்துப் போனேன். அதை ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது. ஃபெர்ரியில் காற்று மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு கையால் பெட்டியையும் ஒரு கையால் மூடியையும் பிடித்துக்கொண்டு அப்படியும் நடந்தேன். அக்கரை இத்தனை தூரத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ரயில் நிலையத்தைத் தாண்டி, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன்.

கதவைத் திறந்தது அவள் அப்பா. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை. திருடன் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட முகமாக இருந்தது. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். உள்ளே அண்ணன் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். அவள் சமையல் கட்டு வாசலில் வந்து நின்றாள். நின்றபடியே சொன்னேன்.

"அங்கிள், எனக்குப் பச்சையும் சிவப்பும் தெரியாது. பிறவியிலேயே. ஏர்ஃபோர்ஸ்ல எடுக்காததுக்கு அதுதான் காரணம், உயரம் இல்ல. அன்னைக்கு நீங்க பார்த்தது செம்பு இல்ல, மருதாணி. துருன்னு நினைச்சுப் பூசிட்டேன். எங்க அம்மா பயந்து மறைச்சாங்க. என் தங்கச்சிக்குக் கண்ணுல ஒரு குறையும் கிடையாது. என்னை வேணாம்னு சொல்லுங்க, அவளைச் சொல்லாதீங்க."

மாற்றுச் சம்பந்தத்தில் அப்படிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்டுவிட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பெட்டியைத் திறந்து மேசை மேல் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அண்ணன் குனிந்து விமானத்தை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். எஞ்சினைப் பார்த்தார், கவிழ்த்து இறக்கையின் அடியைப் பார்த்தார், கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எங்க பச்சை? துரு நல்லாத்தானே பிடிச்சிருக்கு?" என்றார்.

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தார்.

"ரயில்வேக்கு இவனை நான்தான் தம்பி கூட்டிட்டுப் போனேன்," என்றார் அவள் அப்பா. "சிக்னல் விளக்கைக் காட்டி என்ன கலர்னு கேட்டாங்க. எல்லாத்துக்கும் தப்பு சொன்னான். என் கூட வேலை செஞ்சவங்க முன்னால. அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசினதில்ல. உங்க வீட்டுல எப்படிச் சொல்றது, சொன்னா இவ கல்யாணமும் நின்னு போயிடுமேன்னுதான் பதில் சொல்லாம ஓடி ஒளிஞ்சிட்டு இருந்தோம். உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. அவ வேணாம்னா வேணாம்."

தங்கச்சி என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். படிக்கட்டில் கீரையோடு அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அண்ணன் இன்னும் ஜன்னல் பக்கத்தில்தான் நின்றார், காது மட்டும் சிவந்திருக்க வேண்டும். எனக்கு அது கொஞ்சம் கறுத்த மாதிரி தெரிந்தது.

அவள் வந்து அண்ணன் கையிலிருந்து விமானத்தை வாங்கிப் பெட்டிக்குள் படுக்கவைத்தாள்.

"சின்ன வயசுலேர்ந்து இவனுக்குச் சட்டை எடுத்து வைக்கிறது நான்தான்," என்றாள் என்னிடம். "மாம்பழம் பழுத்திருக்கான்னு பார்த்துச் சொல்றதும் நான்தான். யாராவது கேட்டா உடனே ஒரு பொய் ரெடியா இருக்கும். அன்னைக்கு உங்க விரலைப் பார்த்ததும் வழக்கம் மாதிரி வாய்ல வந்திருச்சு."

"டகோட்டாவுல செம்புக் குழாய் கிடையாது" என்றேன். எதற்குச் சொன்னேனோ.

"இனிமே அப்படிப் பொய் சொல்ல வேண்டியதில்ல," என்றாள். நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். "இப்பவாவது உட்காருங்க."

உட்கார்ந்தேன். காப்பி வந்தது. அதைக் குடித்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவே இல்லை.